வெள்ளைக் கொக்கும் தினைப்புனமும்: விசுவநாததாஸின் இளமையும் இசையும்

தைப்பூசத் திருநாளில் பினாங்குத் தண்ணீர்மலையை நோக்கி வெள்ளிரதம் செல்லும்போது, வள்ளியை மணந்த வேலவன் புகழைப் பாடாத வாய் இல்லை. குறமகள் தினைப்புனம் காத்ததும், வேலன் வேடனாகவும் விருத்தனாகவும் வந்து அவளை மயக்கியதும் இந்நாட்டுத் தமிழ்க் குழந்தைகளும் அறிந்த கதை. அக்கதையை நாடகமாக நடித்து, அதன் நடுவே அந்நிய ஆட்சியை எதிர்த்துப் பாடி, பன்முறை சிறைபுகுந்து, முடிவில் முருகன் வேடத்தோடு மயில்மீது அமர்ந்து பாடிய நிலையிலேயே உயிர்நீத்த ஒரு கலைஞரைப் பலர் அறியார். அவரே தியாகி விசுவநாததாஸ். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் சென்னை ராயல் அரங்கில் அவர் மறைந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

அவர் மறைந்த காட்சி உருக்கமானது. அதனாலேயே அவரைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் இறுதிக் காட்சியிலேயே நின்றுவிடுகின்றனர். நாவிதர் குலத்தில் பிறந்த ஓர் இளைஞர், அரசின் சீற்றத்தையும் ஊராரின் இகழ்ச்சியையும் ஒருங்கே தாங்கி, பாட்டையே படைக்கலமாகக் கொண்டது எவ்வாறு என்ற வினா எழுவதில்லை. எழுந்தாலும், ஒரு கதையைச் சொல்லி அதனை அடக்கிவிடுகின்றனர். அக்கதையை முதலில் ஆராய்தல் வேண்டும்.

கதையும் காலமும்

1911ஆம் ஆண்டில் காந்தியடிகள் தூத்துக்குடிக்கு வந்தார் என்றும், விசுவநாததாஸின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்து அவரை நாட்டுத் தொண்டுக்கு அழைத்தார் என்றும், அன்று முதல் தாஸ் விடுதலை வீரரானார் என்றும் ஒரு செய்தி அச்சிலும் மேடையிலும் வழங்கி வருகிறது. கேட்பதற்கு இனிய செய்திதான். ஆனால் காலக் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. 1911இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அவர் தாயகம் திரும்பியது 1915ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள். ரௌலட் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் தொடங்குவதற்காக மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் அவர் வந்தது 1919 மார்ச்சு இறுதியில். ஆகவே இருவரும் தூத்துக்குடியில் சந்தித்தது உண்மையாயின், அது 1919க்கு முன் நிகழ்ந்திருக்க இயலாது. அப்போது தாஸ் முப்பத்திரண்டு வயது நிரம்பியவர்.

இஃது ஓர் ஆண்டுக்கணக்குச் சிக்கல் என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. 1911ஐ நம்பினால், தாஸின் உள்ளத்து நெருப்பை மூட்டியவர் வெளியிலிருந்து வந்த பெரியவர் என்றாகிறது. அதனை விலக்கினால், அந்நெருப்பு அவர் பிறந்த மண்ணிலேயே, அவர் பயின்ற கலையிலேயே கனன்றுகொண்டிருந்தது என்பது புலனாகிறது. காந்தியடிகளின் பெருமை இதனால் குறையாது. பாடகரின் தகுதியோ உயரும். பிறர் ஏற்றிவைத்த விளக்காகவே எளிய குலத்தாரைக் காட்டும் வழக்கம் நம் வரலாற்று நூல்களில் நெடுங்காலமாக உண்டு. அதனைத் திருத்துவது ஆசிரியர் கடன்.

பிறந்த மண்

விசுவநாததாஸ் 1886ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் சிவகாசியில் பிறந்தார். பின்னர் மதுரையை அடுத்த திருமங்கலம் அவருடைய ஊராயிற்று. அவர் பிறந்தபோது சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1910இல் இராமநாதபுர மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. 1899ஆம் ஆண்டு சூன் திங்களில் அவ்வூரைச் சாதிக் கலவரம் சூறையாடியது. அப்போது தாஸ் பதின்மூன்று வயதை எட்டிய சிறுவர். கோயிலுக்குள் யார் போகலாம், யார் போகலாகாது என்ற வழக்கு ஊரையே எரித்த காலம் அது.

அவர் பிறந்த குலத்தை மருத்துவர் என்றும் பண்டிதர் என்றும் வழங்குவர். முடிதிருத்துவது அவர்கள் தொழில் என்று மட்டும் கூறுவது அரைகுறை அறிவு. நாட்டு மருத்துவமும், மகளிர் பேறுகாலம் பார்த்தலும், தென்மாவட்டங்களின் பல ஊர்களில் மங்கல இசை முழக்குதலும் அவர்கள் கையில் இருந்தன. பிறப்பு முதல் இறப்பு வரை ஊருக்கு வேண்டியவர்கள்; ஆயினும் ஊர்ப் பந்தியில் இடம் பெறாதவர்கள். இத்தகைய குடும்பத்துச் சிறுவனுக்கு இசை செவிவழிச் செல்வமாக வாய்ப்பது வியப்பன்று. அச்செல்வத்தைக் கொண்டு அவன் எங்கே போக முடியும் என்பதே வினா. சபைகளின் கச்சேரி மேடை அவனுக்குத் திறந்திருக்கவில்லை. நாடக மேடை திறந்திருந்தது.

அங்கும் வழி முழுதும் மலராக இல்லை. பிற்காலத்தில் அவர் புகழ்பெற்ற நடிகராக விளங்கியபோதும், அவருடைய குலத்தைக் காரணம் காட்டி அவரோடு இணைந்து நடிக்க மறுத்தோர் இருந்தனர் என்பர். மேடையில் அவர் முருகன். வேடம் கலைந்தால் ஊராருக்குத் தாழ்ந்தவர். இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே நாள்தோறும் நடந்தவருக்கு, ஆளுவோர் ஆளப்படுவோர் என்ற பாகுபாட்டின் பொய்ம்மையை வேறொருவர் வந்து விளக்க வேண்டியதில்லை.

அரசியல் சூழலும் அவருடைய இளமையைச் சுற்றி வளைத்திருந்தது. 1908 மார்ச்சு மாதத்தில் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டபோது நெல்லையும் தூத்துக்குடியும் கொந்தளித்தன. தாஸுக்கு அப்போது வயது இருபத்தொன்று. 1911 சூன் 17ஆம் நாள் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் தென்மாவட்டங்களில் அடக்குமுறை எல்லை கடந்தது. மேடைப் பேச்சுக்குத் தடை, அச்சுக்குத் தடை, சந்தேகப்பட்டோர் வீட்டில் சோதனை என்ற நிலை. கதைகள் கூறும் அந்த 1911, மாநாடுகள் கூட்டிப் பாட்டுக் கேட்கும் ஆண்டு அன்று. மக்கள் வாயடைத்திருந்த ஆண்டு. வாயடைத்த காலத்தில் வாய் திறக்கத்தக்க இடம் ஒன்றே ஒன்று எஞ்சியிருந்தது. அதுவே விடிய விடிய நடந்த கூத்துக் கொட்டகை.

நாடகமும் சட்டமும்

நாடகத்தையும் ஆட்சியாளர் விட்டுவைக்கவில்லை. 1860இல் தீனபந்து மித்திரர் வங்காளத்தில் இயற்றிய ‘நீல தர்ப்பணம்’ அவுரித் தோட்டத்து வெள்ளையரின் கொடுமையைக் காட்டியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங், 1861இல் ஒரு திங்கள் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் பெற்றார். பின்னர் 1876இல் நாடக நிகழ்ச்சிச் சட்டம் வந்தது. அரசின்மீது வெறுப்பை விளைக்கும் நாடகத்தைத் தடைசெய்யும் உரிமையை அது அதிகாரிகளுக்கு வழங்கியது. 1870 முதல் இராசத்துரோகப் பிரிவு இருந்தது. 1910இல் அச்சகச் சட்டமும் சேர்ந்தது.

ஆனால் இச்சட்டங்களை ஆக்கியோர் மனத்தில் இருந்த நாடகம் எழுதி அச்சிடப்பட்ட நாடகம். கையெழுத்துப் படியை வாங்கிப் படித்துத் தடுக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். தமிழ்நாட்டில் அப்போது செழித்திருந்த ‘ஸ்பெஷல் நாடக’ முறையோ இதற்கு முற்றிலும் மாறானது. ஒரு குழுவாக இருந்து ஒத்திகை பார்த்து நடிப்பதில்லை. ஓர் ஊரிலிருந்து ராஜபார்ட், மற்றோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட், வேறோர் ஊரிலிருந்து பபூன், ஆர்மோனியக்காரர் என்று அன்றிரவுக்கு மட்டும் கூடுவர். சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் ஆக்கித் தந்த ‘வள்ளி திருமணம்’, ‘கோவலன்’, ‘பவளக்கொடி’ முதலிய நாடகங்கள் அனைவருக்கும் மனப்பாடம். அவ்வுறுதியான சட்டகத்துக்குள் பாட்டையும் தர்க்கத்தையும் அவரவர் திறமைக்கேற்ப விரித்துக்கொள்வர். நாடகத்தின் பெயரைக் கேட்டால் ‘வள்ளி திருமணம்’ என்பர். அதில் தடைசெய்ய என்ன இருக்கிறது? ஆனால் நள்ளிரவுக்குப்பின் தினைப்புனத்தில் என்ன பாடப்படும் என்பதை எந்த அதிகாரியும் முன்கூட்டி அறிய முடியாது.

வங்காளத்து முகுந்த தாஸரோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அவரும் பாடகர், நாட்டுப்புற யாத்திரை நாடகத்தில் சுதேசியக் கருத்தைப் புகுத்தி, 1908ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறைத்தண்டனை பெற்றவர். அவர் புதிய நாடகத்தைத் தாமே இயற்றி ஆடினார். அரசு அந்நாடகத்தையே குற்றமாக்கியது. விசுவநாததாஸ் பழைய நாடகத்தில் புதிய பாட்டை வைத்தார். அரசு நாடகத்தைத் தொட முடியாமல் நடிகரையே தொட நேர்ந்தது. இருபத்தொன்பது முறை அவர் சிறை சென்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மேடையிலேயே சிறைப்பட்டதும் உண்டு.

பாட்டின் திறம்

அவருக்குப் பெரும்புகழ் தந்தது வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு. அதனை இயற்றியவர் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952). 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ படத்துக்கும் பாட்டெழுதியவர் அவரே. பஞ்சாபில் 1919இல் நிகழ்ந்த படுகொலையைப் பற்றிய பாட்டும் தாஸின் வாயிலாகவே தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு எட்டியது. இப்பாட்டுகள் அனைத்தும் ஒரே தரத்தன என்று கூறுவது நடுநிலையாகாது. படுகொலைப் பாட்டு, கேட்டோரைக் கண்ணீர் விடச் செய்தது. ஆயினும் நாடகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. முருகனாக நிற்பவர் அமிர்தசரசைப் பாடும்போது, முருகன் மறைந்து நடிகரே நிற்கிறார். ஸ்பெஷல் நாடக அவையினர் இதற்குப் பழகியவர்களே எனினும், கலைநோக்கில் அஃது ஒட்டுத் துணியே.

கொக்குப் பாட்டு அத்தகையதன்று. அது தினைப்புனத்துக் காட்சியிலேயே முளைத்த பாட்டு. வள்ளி பரண்மீது நின்று புள்ளோப்புகிறாள். தினையைக் கவரும் பறவையை விரட்டுவது அவள் தொழில். அக்காட்சிக்கு ஒரு பறவைப் பாட்டு இயல்பாகவே வேண்டும். அவ்விடத்தில் வெள்ளை நிறப் பறவை ஒன்று வருகிறது. அவையோர் ஆரவாரிக்கின்றனர்.

அவையோர் பொருளை எவ்வாறு உடனே உணர்ந்தனர்? நிறம் ஒன்றே காரணம் என்று பலரும் கூறுவர். அதனினும் நுட்பமான காரணம் ஒன்று உண்டு. குறிஞ்சி நிலத்துக்குரிய புள் கிளியும் மயிலும் என்பது இலக்கண மரபு. தினைக் கதிரைக் கொய்வது கிளியே. சங்கப் பாட்டுகளில் தலைவி ஓப்புவதும் கிளியையே. கொக்கோ நீர்நிலத்துப் புள், மீனுண்டு வாழ்வது. குறுந்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பாட்டு ஒன்றில் குருகு வருவது உண்மையே. அங்கும் அது ஓடும் நீரில் நின்று மீனைப் பார்த்திருக்கிறதேயன்றித் தினைப்புனத்தில் இறங்கவில்லை. அவ்வாறிருக்க, மலைப்புனத்தில் கொக்குக்கு என்ன வேலை? உழவர் பெருமக்கள் இலக்கணம் படித்தவரல்லர். ஆனால் கொக்கு தினை தின்னாது என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? புனத்துக்குப் பொருந்தாத புள் வந்தவுடனேயே, சொல்லப்படுவது பறவையைப் பற்றியன்று என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது. நீர்வழியே வந்து, தனக்கு உரித்தல்லாத விளைச்சலில் இறங்கிய வெள்ளை உயிர் யாதென்று ஒருவரும் உரை எழுத வேண்டியதில்லை.

இதனை உள்ளுறை உவமம் என்று கொள்ளலாமா? தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு, சொல்லாத பொருள் சொல்லிய பொருளோடு ஒத்து முடிவதே உள்ளுறை என்பது தொல்காப்பியர் கருத்து. பறவை கருப்பொருளே, பாட்டின் தொடக்கமும் பொருளை வெளிப்படையாகக் கூறவில்லை. அதுவரை உள்ளுறைக்குரிய இலக்கணம் பொருந்துகிறது. ஆனால் பாட்டு வளர வளர, அக்கொக்கு வாணிகம் செய்ய வந்தது என்ற செய்தி வந்துவிடுகிறது. கொக்கு வாணிகம் செய்யாது. அங்கே திரை விலகுகிறது. உள்ளுறை கரைந்து வெளிப்படை உவமையாகிறது. கலை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வார்க்கு இது குறை. சொல்லாமல் விட்டிருந்தால் பாட்டு இன்னும் ஆழமாகியிருக்கும்.

எனினும் அக்குறையை எடைபோடும்போது பாட்டு நின்ற இடத்தையும் கருதுதல் வேண்டும். சங்கப் புலவர் அவையில் ஒருமுறை கேட்டுணரும் சான்றோர் இருந்தனர். கொட்டகையில் ஆயிரவர் தரையில் அமர்ந்திருந்தனர், ஒலிபெருக்கி இல்லை, கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் பொருள் எட்ட வேண்டும். முற்றும் மறைத்தால் மக்களுக்கு எட்டாது. முற்றும் திறந்தால் முதல் அடியிலேயே பாட்டு நின்றுவிடும். ஆகவே மூடித் தொடங்கித் திறந்து முடிப்பது பாட்டின் அமைப்பாயிற்று. காவலர் எழுந்து மேடைக்கு வருவதற்குள் பொருள் அவையைச் சேர்ந்திருக்கும். அதன் பின்பு குற்றம் சாட்டும் அதிகாரி, ‘கொக்கு என்பது எங்கள் அரசு, திருட வந்ததாகக் கூறியது எங்களைத்தான்’ என்று தம் வாயாலேயே பொருள் விளக்க வேண்டியவராகிறார். சட்டத்தை இவ்வாறு நகைப்புக்கிடமாக்கியது பாட்டின் வெற்றி. ஆயினும் அவ்வெற்றி தாஸைச் சிறையிலிருந்து காக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. நயம் அவையோருக்குக் கிடைத்தது. தண்டனை பாடியவருக்குக் கிடைத்தது.

எழுதியவரும் பாடியவரும்

இங்கே மற்றொரு வினா எழும். பாட்டை இயற்றியவர் பாஸ்கரதாஸ். பாடியவருக்கு ஏன் இத்தனை சிறப்பு? நூலில் உள்ள கவிதைக்கு இயற்றியவரே முழு உரிமையாளர். மேடைப் பாட்டு அத்தகையதன்று. அச்சில் அது காலணாப் பாட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம். மேடையில், இன்ன ஊரில், இன்ன காவலர் முன்னிலையில், இன்ன துணிவோடு பாடப்படும்போதே அதன் பொருள் நிறைவடைகிறது. பாரதியாரின் நாட்டுப் பாடல்களை 1928இல் சென்னை அரசு பறிமுதல் செய்தபோது, அவர் மறைந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன; நூலைத்தான் பிடிக்க முடிந்தது. தாஸின் பாட்டைப் பிடிக்க வேண்டுமாயின் தாஸையே பிடிக்க வேண்டியிருந்தது. அவருடைய குரலே நூல். அதனால்தான் அவருடைய இளமையை ஆராய்வது வாழ்க்கை வரலாற்று ஆசை மட்டுமன்று. இலக்கியத் திறனாய்வின் ஒரு பகுதியுமாகும். அக்குரல் எங்கே பிறந்தது, எத்தகைய அவமதிப்பில் முறுக்கேறியது என்பதை அறியாமல் அப்பாட்டை முழுதும் கேட்டவர் ஆக மாட்டோம்.

பினாங்குக்கு இதில் என்ன?

இவ்வாராய்ச்சி தமிழகத்தாருக்கு மட்டும் உரியது என்று கருத வேண்டா. 1867 வரை பினாங்கும் கல்கத்தாவிலிருந்தே ஆளப்பட்டது. இரு கரைகளிலும் இருந்தது ஒரே கொடி. கலையிலும் உறவு உண்டு. பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி நாடகக் குழுக்கள் திரைச்சீலையையும் ஆர்மோனியத்தையும் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றன. தமிழ் இசை நாடகத்தின் மேடை அமைப்பை அவை மாற்றின. பினாங்கில் அவற்றைக் கண்ட மாமாக் பூசி 1885இல் தொடங்கிய குழுவிலிருந்தே மலாய் ‘பங்சாவான்’ நாடகம் வளர்ந்தது. ஆகவே கொக்குப் பாட்டு ஒலித்த மேடையும் பங்சாவான் மேடையும் ஒருவகையில் உடன்பிறந்தவை. தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் கடல் கடந்து வந்து நடித்ததும், இசைத்தட்டுகள் பின்தொடர்ந்ததும் இந்நகரின் பழைய நினைவுகள்.

வகுப்பறையில் உள்ளுறை உவமம் கற்பிக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் சங்கப் பாட்டோடு நின்றுவிடுகின்றனர். மாணவர் அதனை ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட வித்தையென்று மனப்பாடம் செய்து மறந்துவிடுகின்றனர். சென்ற நூற்றாண்டில், எழுத்தறியாத மக்கள் நிறைந்த கொட்டகையில், அதே நெறி ஒரு பேரரசைச் சினமுறச் செய்தது என்பதையும் உடன் காட்டினால், இலக்கணம் உயிர்பெறும். கூடவே, தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவரே அந்நெறியை ஏந்திச் சிறை புகுந்தார் என்பதும் மாணவர் நெஞ்சில் பதியும். 1911ஆம் ஆண்டுக் கதையைக் கைவிடுவதால் அவர்கள் இழப்பது ஓர் அற்புதம். பெறுவது ஒரு மனிதர்.

இறுதியாக ஒன்று. வேற்று நிலத்துப் பூவும் புள்ளும் ஒரு நிலத்தில் வந்து வழங்கினால், அவை வந்த நிலத்தின் பயனையே உடையனவாகும் என்பது தொல்காப்பியர் விதி. கொக்குப் பாட்டின் கொக்கு அவ்விதிக்கு அடங்கவில்லை. வந்த நிலத்தைத் தன்னதாகக் கொண்டதேயன்றித் தான் அந்நிலத்தினதாகவில்லை. அதன்மீது பாடகர் கொண்ட சினம் அதன் நிறத்தைப் பற்றியதுமன்று, அது வேற்று நிலத்தது என்பதைப் பற்றியதுமன்று. அது புனத்தைக் கவர வந்தது என்பதைப் பற்றியதே. கடல் கடந்து வந்து, காடு திருத்தி, இரப்பர் வெட்டி, இந்நிலத்தின் பயனாகவே ஆகிவிட்ட தமிழர்க்கு அவ்வேறுபாடு நன்கு விளங்கும். விசுவநாததாஸின் பாட்டை அவர்கள் வெறுப்புப் பாட்டாகக் கேளாமல், உழைத்தவன் விளைச்சல் உழைத்தவனுக்கே என்னும் உரிமைப் பாட்டாகக் கேட்பர். அவ்வாறு கேட்பதே அம்மயில்மேல் முடிந்த வாழ்வுக்குச் செய்யும் தக்க மரியாதையாகும்.